இரவுச் சூடு – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திருச்சியில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். மார்கழிப் பாதியில் விதைத்து, பொங்கல் கழிந்து பையில் நட்டேன். பிப்ரவரி கடைசியில் முதல் பூ. அடிக் கொத்துகளில் மொத்தம் ஒன்பது காய்கள், பெரிய எலுமிச்சை அளவில் நிற்கின்றன. அதற்கு மேல் வந்த பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்தது), மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் ஊறவைத்தது), எப்சம் உப்பு, முட்டை ஓட்டுப் பொடி எல்லாம் கொடுத்துவிட்டேன். இன்னும் என்ன தெளிக்கலாம்? சில இலைகள் வேறு சுருள்கின்றன.

மகள் மூன்றாம் வகுப்பு. ஏப்ரல் 12 பள்ளி ஆண்டு விழா. காய்கறி நடனத்தில் அவள்தான் தக்காளி. உடை வாடகை 650 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? விழா வாசலில் பிள்ளைகள் வீட்டில் விளைந்ததை வைக்க ஒரு மேசை போடுகிறார்களாம். ஒரு கூடைத் தக்காளி கொண்டுவருவதாக வகுப்பில் சொல்லிவிட்டாள். தினமும் காலையில் மாடியில் விழுந்த பூக்களைப் பொறுக்கி எண்ணி அழுகிறாள். காந்தி மார்க்கெட்டில் வாங்கிக் கூடையை நிரப்பி அனுப்பலாமா? அது பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது ஆகிவிடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் கேட்காத ஐந்தாவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் இதே கடிதம் ஊர்ப்பெயர் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘என்ன தெளிக்கலாம்?’ என்ற கேள்வி உண்டு. ‘எப்போது விதைத்திருக்க வேண்டும்?’ என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் கடிதத்தில் செடியோடு ஒரு குழந்தையும் சேர்ந்து வெயிலில் நிற்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கணக்கு. தக்காளிக்கு விதையிலிருந்து நாற்று 25 நாள். நட்டதிலிருந்து முதல் பூ 30 நாள். பூ விரிந்து பழம் சிவக்க 45 நாள், ஐந்து நாள் முன்பின் ஆகலாம். ஆக நூறு நாள். ஏப்ரல் 12 அன்று கூடையில் பழம் இருக்க வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியில் விதை மண்ணில் விழுந்திருக்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, அந்த ஒன்பது காய்களுக்கு அதுதான் காரணம். பிப்ரவரி கடைசியில் விரிந்த பூக்கள் அவை.

இன்று விரிகிற பூ நாளைக்கே பிஞ்சு பிடித்தாலும் மே மாதம்தான் பழுக்கும். ஆண்டு விழாவுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. உதிர்கிற பூவுக்காக நீங்களும் குழந்தையும் இத்தனை நாள் அழுதது, விழாவுக்குச் சம்பந்தமே இல்லாத பூக்களுக்காக. இதை அவளிடம் நாட்காட்டியை வைத்து விளக்குங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பத்தைந்து நாள் எண்ணத் தெரியும். காரணம் புரிந்தால் பாதி அழுகை நின்றுவிடும்.

சரி, பூ ஏன் உதிர்கிறது? வெயில் என்பீர்கள். வெயில்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற வெயில் இல்லை. பகலில் 34, 35 டிகிரி வரை தக்காளி ஓரளவு தாங்கும், மதியம் வாடினாலும் மாலையில் நிமிர்ந்துவிடும். அது தோற்பது இரவில். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அது தாராளமாகக் காய் பிடிக்கும். 21, 22 வரை சமாளிக்கும். 24-ஐத் தாண்டி நாலைந்து இரவுகள் தொடர்ந்தால் பூ உதிரும். திருச்சியில் ஜனவரியில் இரவின் குறைந்த வெப்பம் சராசரியாகச் சுமார் 21, மார்ச்சில் 24-ஐ நெருங்கும், ஏப்ரலில் 26. இந்த மூன்று எண்களையும் பார்த்தாலே உங்கள் மாடியில் நடந்த அத்தனையும் விளங்கிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1944-இல் கலிஃபோர்னியாவில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் தக்காளிச் செடிகளைப் பகலுக்கு ஒரு வெப்பம், இரவுக்கு ஒரு வெப்பம் என்று மாற்றி மாற்றி வளர்த்துப் பார்த்து, காய்ப்பைத் தீர்மானிப்பது இரவின் குளிர்ச்சி என்று எழுதிவிட்டார். தக்காளியின் காட்டு உறவுகள் வளர்வது தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆண்டீஸ் மலைச் சரிவுகளிலும். பகலில் வெயில் எப்படி இருந்தாலும் அங்கே பெரும்பாலும் இரவு குளிர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு வந்த செடியை நாம் பங்குனி இரவில் உட்கார வைத்துக் காய் கேட்கிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். மகரந்தம் உருவாகச் சர்க்கரை வேண்டும். பகலில் இலை செய்த சர்க்கரையைச் சூடான இரவில் செடி தன் மூச்சுக்கே எரித்துத் தீர்த்துவிடுகிறது, மொட்டுக்குப் போவது குறைகிறது. மகரந்தம் சுருங்கி உள்ளீடற்ற சாவியாகிறது, நெல் சாவியாவதுபோல. மொட்டு விரிவதற்குச் சுமார் எட்டிலிருந்து பதின்மூன்று நாள் முன்புதான் இந்த ஆபத்துக் காலம். ஆகவே இன்று காலையில் விழுந்த பூ நேற்றைய வெயிலில் கெட்டதில்லை, இரண்டு வாரம் முன்னால் மொட்டாக இருந்தபோதே கெட்டது. நேற்றுத் தெளித்த கரைசல் அதை எப்படிக் காப்பாற்றும்?

இன்னொன்றையும் மகளோடு சேர்ந்து பாருங்கள். விரிந்த பூ ஒன்றின் நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கும். மகரந்தப் பைகள் ஒன்றாக ஒட்டி நிற்கிற கூம்பு அது. சூல்முடி அதற்குள்ளேயே மறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் தன் மகரந்தம் தன்மேலேயே விழும். சூட்டில் வளர்ந்த பூவில் பச்சை நுனி கூம்புக்கு வெளியே ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். பத்து ரூபாய் பூதக்கண்ணாடி போதும், கண் நன்றாக இருந்தால் அதுவும் வேண்டாம். உதிர்ந்த பூவின் காம்பில் ஒரு கணு தெரியும், செடி அந்த இடத்தில்தான் பூவைத் தானே கழற்றி விடுகிறது. நோய் ஒன்றும் இல்லை. தாங்காத பிள்ளையைச் சுமக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

இப்போது திட்டுவதற்கு வருகிறேன். தேமோர், மீன் அமிலம், எப்சம் உப்பு, முட்டை ஓடு! பன்னிரண்டு செடி என்ன பாவம் செய்தது? மீன் அமிலத்தில் இருப்பது பெரும்பாலும் தழைச்சத்து. பூக்கிற நேரத்தில் அதைக் கூட்டினால் இலை தடிக்கும், பூ குறையும். எப்சம் உப்பு மக்னீசியம். பழைய இலைகளில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் மட்டும் அது வேண்டும். சும்மா கொட்டினால் சுண்ணாம்புச் சத்தோடு போட்டி போட்டு, காயின் அடி கறுத்து அழுக வழி செய்யும். முட்டை ஓட்டுப் பொடி மண்ணில் கரையப் பல மாதம் ஆகும், இந்தச் செடிக்கு அது கிடைக்காது. கடையில் பூ உதிராமலிருக்க விற்கிற ஹார்மோன் மருந்தையும் யாராவது பரிந்துரைப்பார்கள். காய் பிடிக்கலாம், ஆனால் விதை குறைந்து, உள்ளே காற்றடைத்துக் கோணலாக வரும். வேண்டாம். தேமோர் பற்றிச் சண்டைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் பேச நினைத்தது உங்கள் மொட்டை மாடியைப் பற்றி. மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறவர்கள் மண்கலவை, பை அளவு, கரைசல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அடியில் கிடக்கும் கான்கிரீட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. நாள் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பத்து, பதினொரு மணிவரை அதைத் திருப்பி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வானிலை அறிக்கை 24 டிகிரி என்று சொன்னால் அது திறந்தவெளியில் நிழல்கூண்டில் அளந்தது. தளத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நிற்கிற உங்கள் செடிக்கு இரவின் முதல் பாதி அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் ஆச்சரியம் இல்லை. கோடையில் மாடியில் படுத்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் தெளித்து, ஆவி அடங்கிய பிறகுதானே பாய் விரித்தார்கள்? நமக்குச் செய்துகொண்டதைச் செடிக்குச் செய்யத் தோன்றவில்லை.

ஆகவே செலவில்லாத வேலைகள் சில. பைகளைத் தளத்திலிருந்து தூக்குங்கள். ஒரு பைக்கு நான்கு செங்கல், நடுவில் காற்றுப் போக இடம் விட்டு. மேற்குச் சுவரோரம் இருக்கிற பைகளை நகர்த்தித் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் கொண்டுபோங்கள், மூன்று மணிக்கு மேல் தொட்டியின் நிழல் விழும். பை கறுப்பாக இருந்தால் பழைய வெள்ளை வேட்டியையோ சாக்கையோ சுற்றிக் கட்டுங்கள், வேர் வேகாமல் இருக்கும். மண்ணின்மேல் மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். மாலை ஐந்தரைக்குத் தளத்தில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள், ஆறரைக்கு இன்னொரு முறை. இலையில் வேண்டாம், ஈரத்தோடு இரவைக் கழிக்கிற இலையில் பூஞ்சை வரும். தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் அடித்துவிடுங்கள். கீழே உங்கள் படுக்கையறைக்கும் நல்லது.

நிழல்வலையில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. செடிக்கு ஓர் அடி மேலே தாழ்வாகக் கட்டி, நாலு பக்கமும் இழுத்து மூடி, இரவும் பகலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். குறைந்தது ஏழடி உயரம் வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தக்காளிக்கு 35 சதவீத வெயிலைத் தடுக்கிற வலை நல்லது, 50 கிடைத்தால் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை மட்டும். பொழுது சாய்ந்ததும் வலையைச் சுருட்டிவிடுங்கள். இரவில் தளமும் செடியும் குளிர்வது வானத்தைப் பார்த்துச் சூட்டை விடுவதால். வலை மூடியிருந்தால் அது குறையும். பகலில் காப்பாற்றிய வலையே இரவில் போர்வையாகிவிடும். கயிறும் இரண்டு கொக்கியும் போட்டுத் திரைச்சீலை மாதிரி அமைத்தால் ஒரு நிமிட வேலை.

காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் பூங்கொத்தின் பின்பக்கத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தத்தைக் கொட்டும். சாதாரணத் தேனீயால் அந்த அதிர்வைத் தர முடியாது, மரம் துளைக்கிற கருவண்டு தரும். உங்கள் மொட்டை மாடிக்குக் கருவண்டு வருமா என்று தெரியாததால் உங்கள் மகளுக்கு அந்த வேலை.

இலைச் சுருட்டு: கீழ் இலைகள் நீளவாக்கில் மேல்நோக்கிக் குழல்போல் சுருண்டு, பச்சையாகவே தடித்திருந்தால் அது சூட்டுக்குச் செடி செய்கிற தற்காப்பு, விட்டுவிடுங்கள். நுனி இலைகள் சிறுத்து, நெளிந்து, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி (வைரஸ்). அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள், இரக்கப்பட்டால் மற்ற பதினொன்றும் போகும்.

இனி அந்த ஒன்பது காய்கள். தண்ணீரை ஒழுங்காக விடுங்கள். பன்னிரண்டு அங்குலப் பைக்கு இந்த வெயிலில் நாளைக்கு இரண்டரை லிட்டர்வரை போகும். காலையில் அடியில் சொட்டும்வரை, மாலையில் அரை லிட்டர். ஒரு நாள் மறந்து மறுநாள் இரட்டிப்பாக ஊற்றினால் காய் வெடிக்கும், அடியும் கறுக்கும். இலையைக் கிள்ளாதீர்கள். காய்க்கு மேலிருக்கிற இலைதான் குடை, அது போனால் வெயில் பட்ட பக்கம் வெள்ளைக் காகிதம்போல வெந்துவிடும்.

செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சிவப்பு நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் கோடைத் தக்காளி எத்தனை நாள் செடியில் விட்டாலும் செம்மஞ்சளாகவே நிற்கிறது. ஏப்ரல் 7, 8 வாக்கில் காயின் அடிப்பக்கம் வெளிறி, நட்சத்திரம்போல் லேசான இளஞ்சிவப்புக் கோடு விழும். அன்றே காம்போடு பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். சுவை எதுவும் குறையாது. ஜன்னலோரம் வைக்காதீர்கள், பழுக்க வெளிச்சம் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியும் ஆகாது, மணம் செத்துவிடும். வீட்டில் குளிர்ந்த மூலை எதுவோ அங்கே, ஈரமணல் பரப்பிய தட்டின்மேல் ஒரு மண்சட்டியை வைத்து, அதற்குள் காகிதம் விரித்துக் காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி அடுக்குங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூடவே போட்டு மெல்லிய துணியால் மூடுங்கள். நாலைந்து நாளில் சிவந்துவிடும். ஒரு காய்கூட அடி வெளிறவில்லை என்று பயமாக இருந்தால் ஒன்றைத் தியாகம் செய்து குறுக்கே வெட்டுங்கள். உள்ளே கூழ் கட்டி, விதை கத்திக்கு அகப்படாமல் நழுவினால் மீதி எட்டும் பறித்தாலும் பழுக்கும். விதை வெட்டுப்பட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

காந்தி மார்க்கெட் தக்காளியைச் சாம்பாருக்கு வாங்குங்கள். மேசைக்கு ஒன்பது பழம் போதும். கூடை பெரிதாகத் தெரிந்தால் சின்னக் கூடை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் எண்ணி வைத்திருக்கிற உதிர்ந்த பூக்களை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், தேதிவாரியாக எண்ணிக்கை எழுதிய தாளோடு. அந்த மேசையில் உருப்படியான அறிவியல் அது ஒன்றுதான் இருக்கும்.

கோடையில் தக்காளிச் சந்தையைப் பாருங்கள், நான் சொல்கிற இரவுக் கணக்கு அங்கேயும் இருக்கும். வெயில் காலத்தில் நம் சமவெளிக்கு லாரியில் வருவது எங்கிருந்து? ராயக்கோட்டை, ஓசூர், கோலார், மதனப்பள்ளி. கோலார் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல், மதனப்பள்ளி சுமார் 700 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு டிகிரிக்கு மேல் குறையும், அந்த நாலைந்து டிகிரியில்தான் அவர்கள் பூ நிற்கிறது, நம் பூ விழுகிறது. அந்த மேட்டுநிலத்திலும் கோடை முற்றி, நோயும் மழையும் சேர்ந்துகொண்டால் ஜூன், ஜூலையில் விலை ஏறும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய், சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டியிருந்தது. அப்போது பதுக்கலைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது, இரவைப் பற்றி யார் பேசினார்கள்?

இதே கோபம்தான் எனக்கு ஆண்டு விழாவின்மேலும். ஏப்ரல் 12! சித்திரைக்கு இரண்டு நாள் முன்னால், தகரக் கொட்டகை போட்ட மைதானத்தில், எட்டு வயதுப் பிள்ளைகளை ஸ்பாஞ்சு மூட்டைக்குள் திணித்து ஆடவிடப் போகிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொங்கல் கழிந்து, தையில் இதை வைத்தால் என்ன கெட்டுவிடும்? மாலை ஆறு மணிக்கே காற்று குளிர்ந்திருக்கும். பாடம் முடியவில்லை என்பார்கள். ஏப்ரலில் வைத்தாலும் ஒத்திகைக்கு மார்ச்சில் வகுப்பைத்தான் எடுக்கிறார்கள், அதுவும் பரீட்சைக்கு முந்தின வாரங்களை. பள்ளிகள் பலவும் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்துவிடுகின்றன. உங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் இதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டீர்கள், 650 ரூபாயைப் பற்றி மட்டும் வாட்ஸாப்பில் புலம்பியிருப்பீர்கள்.

அன்றைக்கு நடக்கப்போவதையும் சொல்கிறேன். மூன்று மணிக்குப் பிள்ளைகளை வரச் சொல்வார்கள். நாலு மணிக்கு உடை மாட்டிவிடுவார்கள். குத்துவிளக்கு, வரவேற்பு, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர், பரிசளிப்பு எல்லாம் முடிந்து காய்கறிகள் மேடை ஏற ஏழரை ஆகும். கழற்றி மாட்டுவது கஷ்டம் என்று கழிப்பறைக்கு விடமாட்டார்கள், அதனால் தண்ணீரும் கொடுக்கமாட்டார்கள். மயங்கி விழுகிற பிள்ளையைப் பற்றி மறுநாள் ‘சரியாகச் சாப்பிடவில்லை’ என்பார்கள். சாப்பாடு அதற்குக் காரணமே இல்லை. வேர்வை ஆவியாக வழியில்லாத உடையும் தாகமும்தான். வகுப்பாசிரியையிடம் தனியாகப் போய், ஆடுவதற்கு அரைமணி முன்னால் மட்டும் உடை போடலாமா என்று கேளுங்கள். அவர்களும் அதே வெயிலில்தான் பட்டுப்புடவையோடு நிற்கப் போகிறார்கள், மறுக்க மாட்டார்கள். ஐந்து மணியிலிருந்து மேடை ஏறும்வரை அரைமணிக்கு ஒருமுறை உப்பு போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ அரை டம்ளர் கொடுங்கள்.

650 ரூபாய் கொடுக்க வேண்டாம், தைத்துவிடுங்கள். சிவப்புப் பருத்திப் பாப்ளின் இரண்டு மீட்டர், 36 அங்குல அகலம். நீளத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள குழாய் கிடைக்கும், உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்து எலாஸ்டிக் கோத்துவிடுங்கள், மேலே அக்குளுக்கு அடியில், கீழே முழங்காலுக்குச் சற்று மேலே. கீழே இறுக்க வேண்டாம், இரண்டு விரல் நுழையட்டும், காற்று அந்த வழியாகத்தான் ஏறும். உருண்டை வடிவத்துக்குப் பஞ்சோ செய்தித்தாளோ திணிக்காதீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பிளாஸ்டிக் குழாயில் 160 சென்டிமீட்டர் வெட்டி, இரு முனையிலும் ஒரு சாண் குச்சியைச் செருகி ஒட்டினால் வளையம் ஆகிவிடும். துணியின் உள்பக்கம், நடு உயரத்தில் அந்த வளையத்தை ஏழெட்டு இடத்தில் நூலால் பிடித்து, நாலு நாடா கட்டித் தோளிலிருந்து தொங்கவிடுங்கள். உடம்பில் படாது, ஆடும்போது உருளும், கழிப்பறைக்குப் போக அப்படியே தூக்கிக்கொள்ளலாம். உள்ளே வெள்ளைப் பனியனும் அரைக்கால் சட்டையும் போதும்.

தலைக்குப் பச்சை ஃபெல்ட் துணியில் தொப்பி. வாடகை உடைகளில் ஆப்பிள்போல ஒற்றை இலை ஒட்டியிருப்பார்கள். தக்காளிக்கு அது கிடையாது. அவளையே மாடிக்கு அனுப்பி, காயின் காம்படியில் எத்தனை முனை இருக்கிறது என்று எண்ணிவரச் சொல்லி அத்தனை வெட்டுங்கள். ஐந்தோ ஆறோ இருக்கும், நுனி கூர்மையாக, கொஞ்சம் பின்னால் வளைந்து.

அடுத்த வருஷத்துக்குப் புரட்டாசியில் விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்றை ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கிற தளத்துக்கு அடியில் வெளிச்சம் படும் இடத்தில் காப்பாற்றி, மழை விட்டதும் பையில் வையுங்கள், சற்று வயதான நாற்றானாலும் பரவாயில்லை. மார்கழி இரவில் பூக்கும். குளிரில் பழுக்க ஒரு வாரம் கூடுதலாகும், தைக் கடைசியிலிருந்து மாசி முழுக்கப் பறிக்கலாம். பெரியகுளம் 1 என்கிற பி.கே.எம். 1 வாங்குங்கள். தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி எடுத்தது, தோள் பச்சையாகத் தட்டையாக இருக்கும், புளிப்பு நன்றாக வரும். நச்சுயிரித் தொல்லை இருந்தால் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்‌ஷக். அது கலப்பினம், அதன் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை.

தைப்பதற்கு முன்னால் அந்தச் சிவப்புத் துணியை நீர் தெளிவாகும்வரை இரண்டு மூன்று முறை அலசி நிழலில் காயப்போடுங்கள். புதுப் பாப்ளின் வேர்வையில் சாயம் விடும், வெள்ளைப் பனியன் பாழாகும்.

அன்புடன்.